சிறுநீரகப் பிணியும் திருக்கோணமலை நாட்டுக் கிணறுகளும்

திருக்கோணமலை என்றவுடன் கற்றோர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவன கோணேசர் திருக்கோயிலும், உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் போற்றப்படும் அதன் துறைமுகமுமேயாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்றிவர்கள் இத்துறைமுகத்தின் பொருட்டு ஒருவரோடொருவர் பொருத வரலாறு பாடநூல்களிற் பலகாலும் எழுதப்பட்டுவிட்டது. ஆனால், துறைமுகத்தின் பின்னே காடும் வயலுமாகப் பரந்து கிடக்கும் உள்நாட்டின் வரலாறு கப்பலின் வரலாறன்று. அது குளத்தின் வரலாறு. கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்தவன் குளக்கோட்டன் என்பது கோணேசர் கல்வெட்டுக் கூறும் ஐதீகம். சிங்கள வமிச நூல்களோ அப்பெருமையை அநுராதபுரத்து மன்னர்க்கு உரியதாக்கும். எவர் கட்டினாராயினும், அக்குளத்தின் நீர் அன்றும் வயலுக்குப் பாய்ந்தது, இன்றும் பாய்கின்றது. திருக்கோணமலை நகரத்தார் குழாயிற் பெறும் குடிநீரும் கந்தளாய்க் குளத்து நீரேயாம்.

இம்மாவட்டத்தின் வடமேற்கு எல்லையில், பதவியாக் குளத்தை அடுத்துக் கிடப்பது பதவி சிறீபுரப் பிரிவு. பதவியாவிற் கிடைத்த சோழர் காலத்துத் தமிழ்ச் சாசனங்கள் ஆங்கு வணிகர் வாழ்ந்ததையும், இரவிகுலமாணிக்க ஈச்சரம் என்னும் சிவாலயம் விளங்கியதையும் தெரிவிக்கின்றன. பின்னர்க் காடு மூடிய அந்நிலம் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே குடியேற்றத் திட்டங்களால் மீண்டும் வயலாயிற்று. இன்று ஆங்கு வாழ்வோரிற் பெரும்பாலார் சிங்கள உழவர். அவர்க்குக் குளத்து நீர் வயலுக்கு. கிணற்று நீர் வாய்க்கு. இவ்விரண்டு நீர்க்குமிடையே யாது வேறுபாடு என்னும் வினா, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வைத்திய ஆராய்ச்சியாளரை உறங்கவொட்டாமற் செய்து வருகின்றது. அவ்வினாவின் வரலாறு பதவி சிறீபுரத்திலே தொடங்குவதன்று. நோய்பட்ட சிறுநீரகத்திற்குப் பதிலாக ஒரு கருவியைச் செய்யத் துணிந்தவரின் வரலாற்றோடு அது பிணைந்துள்ளது.

சிறுநீரகத்தைப் பழந்தமிழ் வைத்தியர் குண்டிக்காய் என வழங்கினர். நீரடைப்பு, கல்லடைப்பு, நீர்ச்சுருக்கு எனச் சிறுநீர் பற்றிய பிணிகளை அவர்கள் வேறு வேறாகப் பிரித்தறிந்து, நெருஞ்சில், சிறுபீளை முதலிய மூலிகைகளை உதவினர். யாழ்ப்பாணத்தரசர் காலத்தெழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களின் மரபு திருக்கோணமலைப் பரிகாரிகளிடத்தும் வழங்கியதே. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்குரிய நூல்களையும் தமிழிலே ஆக்குவித்தார். ஆயினும் அக்காலத்து மேலை வைத்தியரும், சிறுநீரகம் கெட்டபின் நோயாளி படிப்படியே மயங்கி இறப்பதைப் பார்த்திருப்பதன்றி வேறொன்றும் செய்ய வல்லாரல்லர்.

நோயைக் கண்டறியும் வழி மட்டும் சற்று முன்னரே கிடைத்துவிட்டது. 1827ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த றிச்சாட் பிறைற் என்பார், உடல் வீங்கி இறந்தோரின் சிறுநீரகங்களை அறுத்து நோக்கி, அவர்கள் உயிரோடிருந்த காலத்து வெளிப்போந்த சிறுநீரோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஒரு கரண்டியிற் சிறிது சிறுநீரை எடுத்து மெழுகுதிரிச் சுடரிற் காட்ட, அது முட்டையின் வெண்கரு போலத் திரைந்தது. குருதியில் நிற்கவேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகின்றது என்பதற்கு அது சான்றாயிற்று. ஒரு கரண்டியும் ஒரு மெழுகுதிரியும் போதுமாயிருந்த இச்சோதனையை வாசகர் நினைவில் வைத்தல் நன்று. பின்னர் அது மீண்டும் வரும்.

சிறுநீரகம் செய்யும் தொழிலின் அளவை நினைக்குந்தோறும் வியப்புண்டாகும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்வடிகள் உள. ஒரு நாளில் அவை 180 இலீற்றர் அளவான நீரைக் குருதியினின்றும் வடித்து, வேண்டுவனவெல்லாம் மீள உறிஞ்சி, ஒன்றரை இலீற்றர் அளவையே சிறுநீராகக் கழிக்கின்றன. இவ்வளவு நுட்பமான உறுப்பு, தன் ஆற்றலிற் பெரும்பகுதியை இழக்கும் வரையிலும் நோவு என்பதொன்றைக் காட்டுவதில்லை. பொறுமையே இவ்வுறுப்பின் குற்றம் எனலாம்.

இரண்டு திரவங்களுக்கிடையே ஒரு மென்சவ்வை வைத்தால், சிறு துணிக்கைகள் அதனூடே கடந்து செல்லும். பெரியவை தடைப்பட்டு நிற்கும். இவ்வுண்மையை ஆராய்ந்து, அதற்கு 'டயாலிசிஸ்' என்று 1861ஆம் ஆண்டிற் பெயரிட்டவர் ஸ்கொத்துலாந்து இரசாயனவறிஞர் தோமஸ் கிரகாம். 1913இல் அமெரிக்காவில் ஜோன் ஏபெல் என்பாரும் துணைவரும் அத்தத்துவத்தைக் கொண்டு உயிருள்ள நாயின் குருதியைக் கழுவினர். குருதி உறையாதிருக்க அட்டையின் வாய்ச்சாற்றைப் பயன்படுத்தினர். 1924இல் ஜேர்மனியிலே கியோர்க் ஹாஸ் மனிதரிடத்து முதன்முதல் முயன்றார். பயன் பெரிதும் கிட்டவில்லை. அவர் தம் முயற்சியைக் கைவிட்டார்.

வெற்றி கண்டவர் ஒல்லாந்து நாட்டு வைத்தியர் வில்லெம் கொல்ஃப். 1911இல் லைடன் நகரிற் பிறந்த இவர், 1938இல் குரோனிங்கன் வைத்தியசாலையில் இளம் உதவியாளராயிருந்தபோது, இருபத்திரண்டு வயதுடைய உழவர் குடிப் பிள்ளையொருவன் சிறுநீரகங் கெட்டுக் கண் முன்னே இறந்தான். அவன் தாயை அழைத்து, மகன் பிழையான் என்று சொல்லும் பொறுப்பு இவர்மேல் விழுந்தது. நாளொன்றுக்கு இருபது கிராம் அளவான யூரியாவைக் குருதியினின்றும் நீக்க வழியிருந்தால் அவன் வாழ்ந்திருப்பான் என்னும் எண்ணம் அன்று அவருள்ளத்திற் புகுந்தது. 1940 மே மாதத்தில் ஜேர்மானியர் ஒல்லாந்தைக் கைப்பற்றினர். குரோனிங்கன் வைத்தியசாலையில் நாசிக் கட்சிச் சார்பினர் ஒருவர் தலைவராக நியமிக்கப்பட்டதும், கொல்ஃப் அங்கிருந்து விலகிக் கம்பென் என்னும் சிற்றூர் வைத்தியசாலையை அடைந்தார்.

போர்க்காலத்துச் சிற்றூரில் ஆராய்ச்சிக்கு வேண்டிய பொருள் எங்கே கிடைக்கும்? இறைச்சிச் சுருளுக்கு உறையாகும் செலோபேன் குழாயை அவர் மென்சவ்வாகக் கொண்டார். மரச் சட்டங்களால் ஓர் உருளை செய்து, அதன்மேல் அக்குழாயைச் சுற்றி, உப்புநீர் நிறைந்த எனாமல் தொட்டியில் அது பாதி மூழ்கிச் சுழலுமாறு அமைத்தார். தொட்டியைச் செய்துதவியவர் அவ்வூர் எனாமல் தொழிற்சாலை அதிபர். சுழலும் உருளையினுட் குருதி கசியாமற் புகுந்து வெளிவருவதற்கு, போட் மோட்டார் வண்டியின் நீர்ப்பம்பி இணைப்பு மாதிரியாயிற்று. 1943 மார்ச்சு மாதத்தில் முதல் நோயாளி, இருபத்தொன்பது வயதுப் பணிப்பெண் ஒருத்தி, இக்கருவியோடு இணைக்கப்பட்டாள். பன்னிரண்டு முறை குருதி கழுவப்பட்டது. ஒவ்வொரு முறையும் குருதிக்குழாயொன்று கெட்டுப்போக, இறுதியில் ஊசி ஏற்ற இடமின்றி அவள் இறந்தாள். பின்வந்தோரும் ஒருவர் பின் ஒருவராய் இறந்தனர்.

இக்காலத்தில் திருக்கோணமலையும் போரின் வாயிலேயே இருந்தது. 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய வானூர்திகள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கியொன்று எரிந்தது. இத்தாக்குதல்களுக்கும் சிறுநீரக வைத்தியத்துக்கும் தொடர்பில்லை என எண்ணற்க. இடிபாடுகளின் கீழ் அகப்பட்டு மீட்கப்பட்டோர் சில நாளிற் சிறுநீரின்றி இறக்கும் விந்தையை, இலண்டன் குண்டுவீச்சிற் காயமுற்றோரிடத்துக் கண்டு 1941இல் எழுதியவர் எரிக் பைவோட்டர்ஸ். நசுங்கிய தசையினின்றும் வெளிப்படும் பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றது என அவர் காட்டினார். போர் முடிந்தபின், கொல்ஃப் தம் கருவிகளை விலையின்றிப் பிற நாட்டு வைத்தியசாலைகளுக்கு அனுப்பியபோது, அவற்றுளொன்று பைவோட்டர்ஸ் பணியாற்றிய இலண்டன் ஹமர்சிமித் வைத்தியசாலைக்கே சென்றது.

கொல்ஃபின் கருவியால் ஐயமறப் பிழைத்த முதல் நோயாளி யார் என்பது இவ்வரலாற்றிற் சிந்திக்கத்தக்க பகுதி. போர் முடிந்த 1945ஆம் ஆண்டு செப்தெம்பரில், அறுபத்தேழு வயது மூதாட்டியொருத்தி மயங்கிய நிலையிற் கொண்டுவரப்பட்டாள். அவள் ஜேர்மானியர்க்குத் துணைநின்றாள் என்னும் குற்றத்துக்காகச் சிறையிலிருந்தவள். ஊரார் வெறுப்புக்குரியவள். ஐந்தாண்டுக் காலம் அயலார் ஆட்சியிற் பட்ட துன்பம் எவர்க்கும் மறந்திராத நேரம் அது. கொல்ஃபோ யூதர்க்கு மறைவில் உதவி செய்தவர். ஜேர்மானியரால் தம் ஆசிரியரை இழந்தவர். ஆயினும் அவர் தயங்கினாரல்லர். பல மணிநேரம் குருதி கழுவப்பட்டபின் அவள் கண் விழித்தாள். விழித்தவுடன் அவள் சொன்னது தன் கணவனை விவாகரத்துச் செய்யப்போவதாக என்பர். சொன்னவாறே செய்தாளாம். அதன்பின் ஏழாண்டு வாழ்ந்து, வேறு நோயால் இறந்தாள். அவளைப் பிழைப்பித்தது தகுமா என்று கொல்ஃபை அன்று கேட்டோர் இருந்திருத்தல் கூடும். ஆனால் அவளுடைய உயிர் பிழைத்திராவிடின், இக்கருவி பயனற்றதென ஒதுக்கப்பட்டிருத்தலும் கூடும்.

கொல்ஃபின் கருவி, சில நாளில் மீளக்கூடிய சிறுநீரகத்துக்கே உதவுவதாயிருந்தது. ஒருபோதும் மீளாத நோய்க்கு வாழ்நாள் முழுதும் குருதியைக் கழுவுதல் வேண்டும். அதற்குக் குருதிக்குழாயில் நிலையான வாயில் வேண்டும். 1960 மார்ச்சில் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்பார் டெஃப்லன் குழாயால் அத்தகைய வாயிலை அமைத்தார். முதலிற் பயன்பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் என்பவர் மேலும் பதினோராண்டு வாழ்ந்தார். 1966இல் சிமினோ, பிறெஷியா முதலியோர், கையின் நாடியையும் நாளத்தையும் தைத்திணைத்து இயற்கை வாயிலே அமைக்கலாம் எனக் காட்டினர். ஆனால் கருவிகள் சில; நோயாளரோ பலர். 1962இல் சியாற்றிலில், யார்க்குக் கருவி, யார்க்கு மரணம் எனத் தீர்ப்பதற்கு ஊரவர் குழுவொன்று கூடிற்று. உத்தியோகம், குடும்பம், கோயிலுக்குச் செல்லும் வழக்கம் என்பவற்றை எடைபோட்டு உயிரைப் பகுத்த அச்செயல் வைத்திய அறத்தில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. விவாதம் செல்வ நாட்டில் எழுந்தது. வறிய நாடுகளிலோ அதே தீர்ப்பைக் குழு எதுவுமின்றிப் பணப்பையே வழங்கிற்று.

தமிழகத்தில் வேலூர்க் கிறித்தவ வைத்தியக் கல்லூரியில் 1960களின் தொடக்கத்தில் இச்சிகிச்சை அறிமுகமாயிற்று. 1971இல் ஆங்கே சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சையும் வெற்றி பெற்றது. இலங்கையில் 1985இல் பேராசிரியர் ரெஸ்வி ஷெரிப், சத்திரசிகிச்சை நிபுணர் ஷெரிப்டீன் முதலியோர் இந்நாட்டின் முதற் சிறுநீரக மாற்றை நிறைவேற்றினர். இவர்கள் முயற்சியாற் சிறுநீரக வைத்தியம் இந்நாட்டில் தனித்துறையாக வேரூன்றியது.

ஈண்டு ஒரு கணக்கை நோக்குதல் தகும். ஒரு முறை குருதி கழுவுவதற்கு நான்கு மணி நேரம் வேண்டும். நிமிடத்துக்கு அரை இலீற்றர் கழுவு நீர் ஓடுமாயின், ஒரு முறைக்கு 120 இலீற்றர் நீர் செலவாகும். வாரத்துக்கு மும்முறை என்பது நூல் விதி. வளங்குறைந்த நாடுகளில் இருமுறையோடு அமைவோர் பலர். இருமுறை என்றே கொண்டாலும், ஆண்டுக்கு 104 முறையில் 12,480 இலீற்றர் நீர் ஒருவர் குருதியோடு மென்சவ்வொன்றின் இடைத்தூரத்தில் உறவாடுகின்றது. வெயிலில் உழைக்கும் உழவர் நாளொன்றுக்கு மூன்று இலீற்றர் குடிப்பாரெனின், அது அவர் பதினொரு ஆண்டுகளுக்கு மேலாகக் குடிக்கும் நீராகும். குடித்த நீரைக் குடலும் சிறுநீரகமும் தெரிந்து கொள்ளும். கருவியின் நீரைத் தெரிவார் எவருமில்லை. ஆதலால் அந்நீர் குடிநீரினும் பன்மடங்கு தூயதாதல் வேண்டும். நீரிலிருந்த அலுமினியத்தால் நோயாளர் மூளையும் எலும்பும் கெட்ட நிகழ்ச்சிகள் 1970களில் மேலை நாடுகளில் அறியப்பட்டன. நீராலாகிய நோய்க்கு நீராலாகிய மருந்து என்னும் நிலை இதுவாம். நல்ல நீர் அரிதான ஊரிலேயே இச்சிகிச்சைக்குத் தேவை மிகுவது பெருந்துயரம்.

அத்தகைய ஊர்கள் இலங்கையின் உலர்வலயத்தில் உள்ளன என்பது 1990களில் தெரியவந்தது. மதவாச்சி, பதவியா முதலிய வடமத்திய மாகாணப் பகுதிகளிலிருந்து சிறுநீரகம் கெட்ட உழவர் மிகுதியாக வைத்தியசாலைகளுக்கு வரலாயினர். நீரிழிவு, உயர் குருதியழுத்தம் என்பனவே உலகெங்கும் இந்நோய்க்குத் தலையாய காரணங்கள். வந்தவர்க்கோ இவையிரண்டும் இல்லை. நடு வயதினர், பெரும்பாலும் ஆடவர், நெல் விளைப்போர், கிணற்று நீர் குடிப்போர். வீக்கமோ நோவோ இன்றி ஆண்டுக்கணக்காக வளர்ந்த நோய், வெளிப்பட்டபோது முற்றியிருந்தது. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்னும் நீண்ட பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. திருக்கோணமலை மாவட்டத்திற் பதவி சிறீபுரவும் கோமரங்கடவலையும் அப்பெயருக்குட் புகுந்தன.

2009 முதல் உலக சுகாதார நிறுவனமும் இலங்கைச் சுகாதார அமைச்சும் கூட்டாக நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2013இல் வெளிவந்தது. அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மூன்று மாவட்டங்களில் ஆடவருள் 12.9 வீதத்தினரும் பெண்டிருள் 16.9 வீதத்தினரும் இந்நோயுடையரெனக் காணப்பட்டது. வைத்தியசாலைக்கு வருவோர் பெரும்பாலும் ஆடவராயிருக்க, ஊரிற் சென்று எண்ணியபோது பெண்டிர் தொகையே மிக்கிருந்தது. முற்றிய நிலையில் இருந்தோர் மட்டும் ஆடவரிடையே மிகுதி. வைத்தியசாலைப் பதிவேட்டை நம்பி ஊரை அளத்தல் பிழை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. திருக்கோணமலை அம்மூன்று மாவட்டங்களுள் ஒன்றன்று.

அக்குறையை ஓரளவு நீக்கியது 2015இல் வெளியான ஆராய்ச்சி. சன்ன ஜயசுமன என்னும் வைத்திய ஆராய்ச்சியாளரும் துணைவரும் பதவி சிறீபுர வைத்தியசாலையிலேயே அதனை நடத்தினர். நோய் உறுதிசெய்யப்பட்ட 125 பேரையும், பரிசோதனைக்கு வந்து நோயில்லையெனக் கண்ட 180 பேரையும் ஒப்பிட்டனர். கிணற்று நீர் குடித்தோர்க்கு நோய் வாய்ப்பு இரண்டரை மடங்கு. இப்பொழுது கைவிடப்பட்டுள்ள கிணறுகளில் முன்னொரு காலத்து நீர் குடித்தோர்க்கு ஐந்து மடங்குக்கு மேல். கிளைபோசேற் என்னும் களைகொல்லியைத் தெளித்தோர்க்கும் ஐந்து மடங்கு. கைவிடப்பட்ட கிணறுகளின் நீர் மிகுந்த வன்மையுடையதாகவும், களைகொல்லி எச்சம் கூடியதாகவும் இருந்தது. கல்சியமும் மகனீசியமும் செறிந்த அந்நீரைச் சிங்கள உழவர் 'கிவுல்' என்பர். தமிழ் உழவர் சவர் என்பர். ஒரே நீரைப் பற்றி இரு மொழியார்க்கும் நாக்கு ஒரே தீர்ப்பையே கூறிற்று.

இவ்வாராய்ச்சியைப் பாராட்டுவோர் அதன் எல்லையையும் உணர்தல் வேண்டும். முன்னாளில் எதைக் குடித்தோம், எதைத் தெளித்தோம் என்று நோயாளர் நினைவிலிருந்து சொல்வதை அடிப்படையாகக் கொண்டது அது. நோயுற்றவர் காரணந் தேடி நினைவைக் கிளறுவர், நோயில்லாதவர் கிளறார். தொடர்பு வேறு, காரணம் வேறு. ஆயினும் 2015இலேயே அரசாங்கம் கிளைபோசேற்றைத் தடைசெய்தது. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்காக 2018இல் அத்தடை தளர்த்தப்பட்டுப் பின்னர் முற்றாக நீக்கப்பட்டது. தடையும் நீக்கமும் ஆராய்ச்சியின் வேகத்தில் அன்றி அரசியலின் வேகத்தில் நிகழ்ந்தன என்று கூறுதல் மிகையாகாது. வேறு அறிஞர் வேறு காரணங்களை முன்வைத்தனர். நெற்பயிரிலும் குளத்து மீனிலும் சேரும் கதமியம் என்றனர் சிலர். நிலத்தடி நீரிலுள்ள புளோரைட்டு வன்னீரோடு சேர்ந்து கேடு செய்கின்றது என்றனர் வேறு சிலர். கடும் வெயிலில் நீரின்றி உழைத்தலே சிறுநீரகத்தை நாளுக்கு நாள் உலர்த்துகின்றது என்றும் ஒரு கொள்கை உண்டு. மத்திய அமெரிக்காவின் எல் சல்வடோர், நிக்கராகுவா நாடுகளிற் கரும்பு வெட்டுவோரையும், ஆந்திரத்து உத்தானம் பகுதி மக்களையும் இதை ஒத்த நோயே பற்றியுள்ளது. இவையனைத்தையும் ஒரு நூலிற் கோக்கும் விடை இன்னும் எட்டப்படவில்லை.

இத்தாமதத்தைக் கண்டு ஆராய்ச்சியை இகழ்தல் நேர்மையன்று. தன்யூப் ஆற்றின் கிளைகளை அடுத்த பால்கன் நாட்டுக் கிராமங்களில் இத்தகைய நோயொன்று 1950களிற் கண்டறியப்பட்டது. அங்கும் உழவரே நோயாளர். அங்கும் ஒரு கிராமத்தில் உண்டு, அடுத்த கிராமத்தில் இல்லை. நீர் என்றனர், நிலக்கரி என்றனர், பூஞ்சணம் என்றனர். கோதுமை வயலிற் களையாய் முளைக்கும் ஒரு செடியின் விதை மாவோடு கலந்து நஞ்சாகின்றது என்று 1960களின் இறுதியில் ஒருவர் கூறினார், பொருட்படுத்தினார் சிலரே. 2007இல் அமெரிக்க அறிஞர் ஆதர் குரோல்மனும் துணைவரும் நோயாளர் சிறுநீரகத்திலேயே அந்நஞ்சின் தடத்தைக் கண்டு அதனை மெய்ப்பித்தனர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு சென்றது. அச்செடி, தமிழ் வைத்தியர் ஆடுதின்னாப்பாளை என்று வழங்கும் மூலிகையின் இனம். மூலிகையெல்லாம் தீங்கற்றவை என்னும் நம்பிக்கைக்கு இது தக்க எச்சரிக்கை.

திருக்கோணமலை மாவட்டத்தின் மேற்குக் கிராமங்கள் 1983 முதல் 2009 வரை நடந்த போரில் எல்லைக் கிராமங்களாயிருந்தன. நகரத்துத் தமிழர் அவற்றைக் குடியேற்றப் பகுதி என்று மட்டும் அறிந்தனர். அவ்வுழவரும் நகரத்தைப் பகைப்புலமாகக் கண்ட நாள்கள் உண்டு. நில உரிமை பற்றிய வழக்கு ஒருபுறமிருக்க, நோய் அவ்வழக்கில் எத்தரப்பையும் சார்ந்ததன்று. வன்னீர்க் கிணறும் வயல் வெயிலும் தமிழ், முசிலிம் உழவர் ஊர்களிலும் உண்டு. சிங்கள ஊர்களில் இந்நோயைத் தேடிப் பலர் சென்றனர். தேடப்படாத ஊரில் நோயில்லை என்று கருதுதல், எண்ணாத வீட்டில் ஆளில்லை என்பது போலாகும்.

தேடுவதற்குப் பெருஞ் செலவு வேண்டுவதில்லை என்பதற்குச் சென்னையைச் சேர்ந்த சிறுநீரக நிபுணர் எம். கே. மணி செய்த பணி சான்று. பெரிய வைத்தியசாலையிற் கருவிச் சிகிச்சையை நடத்தியவரே, அச்சிகிச்சை நாட்டு மக்களிற் பெரும்பாலார்க்கு எட்டாதது என்பதையும் வெளிப்படையாக எழுதியவர். 1990களின் பிற்பகுதியில் சென்னைக்கு அணித்தான கிராமங்களில், ஏறத்தாழ 25,000 மக்களிடையே, பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றி வீடுதோறும் அனுப்பினார். அவர்கள் குருதியழுத்தம் அளந்தனர். சிறுநீரில் ஓர் அமிலத்துளியிட்டுப் புரதத்தையும், பெனடிக்ற் கரைசலால் வெல்லத்தையும் கண்டனர். நூற்றெழுபது ஆண்டுக்கு முன் கரண்டியும் மெழுகுதிரியும் செய்த வேலையே இது. மலிவான மருந்துகளால் நோய் அடக்கப்பட்டது. தலையொன்றுக்கு ஆண்டுச் செலவு அரை அமெரிக்க டாலருக்கும் குறைவு. அங்குக் கண்டது நீரிழிவும் குருதியழுத்தமும். பதவி சிறீபுரத்து நோய் வேறு. சிலர்க்கு இந்நோய் சிறுநீரிற் புரதத்தைக் காட்டாமலே வளர்வதுண்டாகையால், குருதியிற் கிரியாற்றினின் அளவையும் பார்த்தல் வேண்டும். ஆயினும் வீடுதோறும் சென்று எண்ணும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

அரசின் முயற்சி இரு வழியிற் சென்றது. பொலன்னறுவையிற் சீன நாட்டு உதவியோடு கட்டப்பட்ட சிறுநீரக விசேட வைத்தியசாலை 2021 யூனில் திறக்கப்பட்டது. மற்றையது நீரைத் தூய்மையாக்குதல். 2015ஆம் ஆண்டையடுத்து, இலங்கைக் கடற்படை தானே செய்தமைத்த நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் நூற்றுக்கணக்கில் உலர்வலயக் கிராமங்களில் நிறுவப்பட்டன. துறைமுகத்திற் கப்பல் காக்கும் படை கிணற்று நீரைக் காக்கச் சென்றது இவ்வரலாற்றின் எதிர்பாராத திருப்பம். மறுதலைப் பிரசாரணம் எனப்படும் அம்முறையில், நீர் அழுத்தத்தோடு மென்சவ்வொன்றின் ஊடாகத் தள்ளப்பட, உப்புகள் பின்தங்குகின்றன. கம்பென் நகரில் இறைச்சி உறையாற் குருதியைக் கழுவிய முறைக்கு இது நெருங்கிய உறவு. வைத்தியசாலையிற் கருவிக்கு நீர் தூய்மையாக்கப்படுவதும் இம்முறையாலேயே. மாலையில் வெண்ணிறக் கலன்களைத் துவிச்சக்கர வண்டியிற் கட்டிக்கொண்டு மக்கள் நீருக்கு வருகின்றனர். தூய நீர் ஒரு குழாயில் வர, பின்தங்கிய உப்பெல்லாம் செறிந்த கழிவுநீர் இன்னொரு குழாயால் வெளியேறுகின்றது. பல நிலையங்களில் அது அருகிலுள்ள நிலத்திலேயே விடப்பட்டு, எந்தக் கிணற்றுக்கு அஞ்சி மக்கள் கலனோடு வந்தனரோ அக்கிணற்றின் ஊற்றை நோக்கியே மீண்டும் கசிகின்றது.